இரதி புலம்பல்: மலையகக் காமன் கூத்தின் காதற்பாட்டும் அதன் பொருளும்

கந்தபுராணத்துக் காமதகனப் படலத்தைப் பாடங் கேட்டவர்க்கு இரதியின் புலம்பல் புதியதன்று. கச்சியப்ப சிவாசாரியார் அவளைச் சில செய்யுட்களிற் கதறவிட்டு, பின் கதையை இறைவன் திருமணத்தை நோக்கிச் செலுத்திவிடுகிறார். குமாரக் கடவுளின் திருவவதாரமே அப்புராணத்தின் நோக்கமாதலின் அங்ஙனம் செலுத்துதல் முறையே. ஆயின் அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் மாசித் திங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தில் அதே புலம்பல் கதையின் ஓரத்தை விட்டு நடுவிற்கு வந்து நிற்கிறது. விடியற்குளிரிற் கம்பளியைப் போர்த்துக்கொண்டு குந்தியிருக்கும் மக்கள் எதிர்பார்த்திருப்பது இறைவனது நெற்றிக்கண் திறக்கும் காட்சியை மட்டுமன்று. அதன் பின்னர் எழும் அப்பெண்குரலையுங்கூட. ஒரே கதையில் ஒரு பாட்டு இவ்வாறு இடம் பெயருமாயின் அதன் பொருளும் பெயர்ந்திருத்தல் வேண்டும். அப்பொருள் யாதென்பது ஈண்டு ஆராயத்தக்கது.

கூத்தினைப் பற்றிச் சிறிது கூறிய பின்னரே பாட்டினுட் புகுதல் தகும். மாசித் திங்களிற் பிறை தோன்றும் நாளையொட்டிக் காமன் பொட்டலிற் கம்பம் ஊன்றுவர். நோன்பு பூண்ட இளைஞர் இருவர் இரதியும் மன்மதனுமாக வேடங் கொள்வர். தப்பு முழங்க, அவர்கள் லயங்கள் தோறும் ஆடிச் செல்வர். இருவர்க்கும் திருமணம் நிகழும். முழுமதியை அண்டிய இரவிலே தூதன், நந்தி, வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி எனப் பல பாத்திரங்கள் வந்தாடிய பின் காமதகனம் நடைபெறும். மூன்றாம் நாள் காமன் உயிர்த்தெழுவான். தஞ்சை, திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்து கூலிகளாக வந்தோர் தம்முடன் கொணர்ந்த வழக்கு இஃது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தாய்நிலத்திலே இவ்விழாவையொட்டிப் புகழ்பெற்றது லாவணி. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரிந்திலன் என்று மற்றொரு கட்சியும் இரவெல்லாம் வாதிடும் சொற்போர் அது. மலையகத்திலோ வாதத்தினும் ஆட்டமும் பாட்டுமே ஓங்கின. எரிந்தானா இல்லையா என்று வினவுதற்கு அங்கே எவர்க்கும் மனமில்லை போலும்.

கூத்தின் பாடங்கள் தோட்டத்துக்குத் தோட்டம் சொல்லால் வேறுபடும். ஆசிரியர் ஒருவர் தம் ஏட்டிற் பெயர்த்தெழுதியது மற்றொருவர் ஏட்டில் வேறாகக் காணப்படும். யாப்புச் சிதைவும் புராணப் பெயர்களின் திரிபும் மலிந்துள்ளன. ஆயினும் நிகழ்ச்சிகளின் வரிசை பெரும்பாலும் ஒன்றே. அவ்வரிசையில் இரதிக்குரிய பகுதிகள் இரண்டு. மன்மதன் தேவர் ஏவலை மேற்கொண்டு புறப்படும்போது அவனைத் தடுத்துப் பாடும் தர்க்கம் ஒன்று. அவன் எரிந்த பின் பாடும் புலம்பல் மற்றொன்று. இவ்விரண்டையும் இரு வேறு பாட்டுக்களாக நோக்கியதனாலேயே பலர் புலம்பலின் பொருளைக் குறைத்து மதிப்பிட்டனர். இரண்டும் ஒரே பாட்டின் இரு பாதிகள். முற்பாதியைக் கேளாதவர்க்குப் பிற்பாதி வெறும் அழுகையாகவே தோன்றும்.

முதலில் தர்க்கத்தை நோக்குக. இரதி தான் கண்ட தீக்கனவுகளை எடுத்துரைக்கிறாள். சகுனங்கள் நன்றாயில்லை என்கிறாள். பின்னர், சிவபெருமானது ஆற்றல் இத்தகையது, அவரோடு மாறுபட்டு மீண்டார் இலர் என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறாள். மன்மதனோ தன் கரும்பு வில்லின் பெருமையையும் மலர்க்கணையின் வன்மையையும் பேசி, தேவர் ஏவலை மறுத்தல் இயலாதென்று முடிக்கிறான். கனவுகளை அடுக்குமிடத்துச் சில பாடங்கள் அளவுக்கு மிஞ்சி நீளுகின்றன. ஆசிரியர் தம் நினைவாற்றலைக் காட்டுதற்கு அவ்விடத்தைப் பயன்படுத்தினர் என்றே கொள்ளல் வேண்டும். ஆனால் தர்க்கத்தின் அமைப்பு வியக்கத்தக்கது. சிவனை உள்ளவாறு அறிந்தவள் இரதியே. அவனை எதிர்க்கச் செல்லும் மன்மதனும் அறியான். அனுப்பிய தேவரும் அறியார், அறிந்திருப்பினும் கூறார். சைவ நெறியில் நின்றோர் சிலர், இறைவனால் எரிக்கப்பட்டவனுக்கு விழாவெடுத்து அழுதல் தகுமோ என்று ஐயுறுவதுண்டு. அட்ட வீரட்டங்களுள் ஒன்றான திருக்குறுக்கை, காமனை எரித்த அவ்வீரத்தைப் போற்றும் தலம் அன்றோ என்பது அவர் வினா. அவ்வையத்திற்கு விடை இத்தர்க்கத்திலேயே உளது. இக்கூத்தில் இறைவனது பெருமையை முதலிற் பாடுபவள், பின்னர்க் கைம்பெண்ணாகப் போகிறவளே.

அகப்பொருள் இலக்கணம் பயின்றோர் இவ்விடத்தில் ஒன்றை உணர்வர். பிரிவின் வகைகளுள் வேந்தற்குற்றுழிப் பிரிவு என்பது ஒன்று. அரசன் தொழிற்பொருட்டுத் தலைவன் செல்லும் பிரிவு அது. தலைவன் பிரியக் கருதியவழித் தலைவியின் வருத்தங்கண்டு சிலபொழுது செலவைத் தவிர்ந்திருத்தலைச் செலவழுங்கல் என்பர். அங்கும் அவன் செலவை முற்றக் கைவிடுவதில்லை. தலைவியை ஆற்றுவித்துச் செல்லும்பொருட்டுத் தாழ்க்கின்றான் என்பதே தொல்காப்பியர் கருத்து. மன்மதன் அவ்வாறு தாழ்த்தற்கும் இடமில்லை. தூதன் ஓலையுடன் வாயிலில் நிற்கிறான். அகப்பாடல்களிலே பிரிந்தோன் மீளுவன் என்ற நம்பிக்கை பாட்டின் அடியிற் கிடக்கும். இரதியின் தர்க்கத்தில் அந்நம்பிக்கை தொடக்கத்திலேயே அறுபட்டுள்ளது. ஆதலின் இதனைப் பிரிவாற்றாமை என்று மட்டும் வகுத்து அமைதல் போதாது.

கச்சியப்பர் இவ்விடத்தை வேறுவிதமாக அமைத்துள்ளார். அவர் நூலில், மன்மதன் சிவபெருமான் பாற் செல்ல அஞ்சி முதலில் மறுக்கிறான். பிரமதேவன் சினந்து சபிக்கத் துணிகிறான். பிரமன் சாபத்தால் அழிதலினும் சிவன் விழியால் அழிதல் மேல் என்று எண்ணியே மன்மதன் இசைகிறான். அஃதாவது, ஆபத்தை அறிந்தவன் மன்மதன். அவனைச் செலுத்துவது அச்சுறுத்தல். கூத்திலே அவ்வறிவு இரதியிடம் மாற்றப்பட்டுள்ளது. மன்மதனுக்கு எஞ்சியது செருக்கும் கீழ்ப்படிதலும் ஆகும். காளிதாசர் குமாரசம்பவத்திலோ தர்க்கமே இல்லை. மன்மதன் இந்திரன் அவையில் வீரம் பேசிப் புறப்படுகிறான். இரதி அச்சத்தோடு உடன் செல்கிறாள். நான்காம் சருக்கம் முழுவதும் அவள் புலம்பல். அது வடமொழிக் கவிதையின் சிகரங்களுள் ஒன்று. எனினும் அங்கே அவள் இழந்தவற்றை நினைந்து வருந்துகிறாளேயன்றித் தன் சொல் கேளாமற் போனமைக்கு வருந்துதற்கு இடமில்லை. தோட்டத்துக் கூத்தின் இரதி ஒருத்தியே, சொல்லியும் பயனிலதாயிற்றே என்று அழும் உரிமையுடையவள்.

இனிப் புலம்பலை நோக்கலாம். அது ஒப்பாரி மெட்டிற் செல்வது. கந்தபுராணத்து இரதி தன் கணவனைத் திருமகள் மைந்தன் என்றும், சம்பரன் பகைவன் என்றும், கரும்பு வில்லேந்திய காவலன் என்றும் விளித்தழுகிறாள். அவ்விளிகளெல்லாம் அவனது குலமும் வீரமும் கூறுவன. கூத்தின் இரதி பாட்டில் அப்பெருமைகள் தேய்ந்து, வீட்டுப் பெண்ணொருத்தி தன் கணவன் பிணத்தருகே பாடும் மொழி முன்வருகிறது. தாலி, பூ, மஞ்சள், துணையற்ற இரவு, இனி யாரிடம் போவேன் என்னும் வினா ஆகியவையே அதன் பொருள்கள். தெய்வப் பெண்ணுக்கு இத்துயரங்கள் பொருந்துமோ என்று வினவலாம். பொருந்தா என்பது உண்மை. அப்பொருந்தாமையே இங்குப் பாட்டின் வலி. கதையின் பெயர்கள் வானுலகத்தனவாயினும் சாவு லயத்துச் சாவாகவே இருக்கிறது.

மற்றுமொரு நுட்பம் உண்டு. ஒப்பாரி பெண்டிர்க்கே உரிய பாட்டு. கூத்திலோ இரதியாக வேடங் கொள்பவன் ஆண்மகன். ஆகவே அவன் பாடுவது பெண்டிரிடம் கடன் பெற்ற மொழி. எதிரே இருந்து கேட்கும் பெண்களுள் பலர் தம் வீட்டுச் சாவுகளில் அதே மெட்டிற் பாடியவர்கள். போலி அழுகைக்கு அவ்வவையில் இடமில்லை. கூத்தனின் ஆட்டத்திற் குறை காண்பார் சிலராகலாம். ஒப்பாரியிற் குறை காண அறிந்தோர் அங்கே பலர். நாடகக் கலையைப் பற்றிய நூல்கள் கூறும் திறனாய்வாளர் அவையினும் இவ்வவை கடுமையானது என்று சொல்லலாம்.

இப்பாட்டு அழுகைப் பாட்டாயினும் ஆட்டத் தாளத்திற் பாடப்படுவது. தப்பின் அடி நின்றபாடில்லை. சிலர் இதனைக் குறையாகக் கருதி, சோகத்திற்குத் தாளம் தளர்தல் வேண்டும் என்பர். கச்சேரி மேடையின் வழக்கத்தை அளவுகோலாகக் கொண்டு கூறும் கூற்று அது. தோட்டத்திலே தப்பு எத்தகைய கருவி என்பதை அவர் எண்ணிலர். வைகறையிற் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பிய கருவி தப்பு. திருமண ஊர்வலத்தின் முன் சென்றதும், பிணத்தின் முன் சென்றதும் அதுவே. அடிகள் வேறுபடும்; தோல் ஒன்றே. அக்கருவியின் ஒலியிற் பிறந்து வளர்ந்தவர்க்கு வேகமான தாளம் மகிழ்ச்சியின் அடையாளம் என்ற எண்ணம் எழுவதில்லை. இவ்வியல்பு மலையகத்துக்கு மட்டும் உரியதுமன்று. கரிபியக் கடற்பரப்பிலுள்ள டொமினிக்கன் குடியரசின் மெரெங்கே என்னும் இசையை எடுத்துக்கொள்க. தம்போரா என்னும் இருமுகத் தோற்கருவியும், குய்ரா என்னும் சுரண்டி ஒலிக்கும் உலோகக் கருவியும் விரைந்த இரட்டைத் தாளத்தில் ஒலிக்க, இணை இணையாக ஆடுவர். 2016 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மானிடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அத்தாளத்திற் பாடப்படும் காதற் பாட்டுக்களுட் பல கைவிடப்பட்டவரின் துயர் கூறுவன. கால்கள் ஆட, சொற்கள் அழும். ஆடுபவர் சொற்களைச் செவிமடுக்கவில்லை என்று அயலார் எண்ணுவர். துயரைத் தனியே சுமப்பதினும் கூட்டத்தோடு அடி வைத்துச் சுமப்பது எளிது என்பதை ஆடுபவர் அறிவர். காமன் பொட்டலில் நிகழ்வதும் இதுவே. இரதியின் சொல்லைத் தப்பின் தாளம் தாங்கிச் செல்லாவிடின், விடியும் வரை அப்புலம்பலைக் கேட்டிருத்தல் எவர்க்கும் இயலாது.

இனிப் பாட்டின் உட்பொருளுக்கு வரலாம். இரதி எவர்மேற் பழி கூறுகிறாள்? எரித்தவர் சிவபெருமான். ஆயின் அவரது இயல்பைத் தர்க்கத்தில் அவளே விரித்துரைத்தாள். நெருப்புச் சுடும் என்று முன்னறிவித்தவள், சுட்டதற்காக நெருப்பை நோதல் இயலாது. மன்மதனை நோகலாம், நோகவும் செய்கிறாள். எனினும் இறந்தவனை நோதல் ஒப்பாரியில் அன்பின் மற்றொரு வடிவமே. எஞ்சி நிற்போர் அவனை அனுப்பியவர்கள். அவர்கள் தம் காரியத்தின் பொருட்டு ஒருவனை ஏவினர். அவன் எரிந்தபோது அவர்கள் களத்தில் இல்லை. அவன் எரிந்ததனாலன்றி வேறு வழியில் அவர்க்குக் குமாரன் பிறந்து பகை தீர்ந்தது. புராணம் இதனைத் தேவகாரியம் என்று அமைதி கூறும். கூத்தின் அமைப்போ அவ்வமைதியை ஏற்றுக்கொண்ட பின்னும் ஒரு கணக்கைத் தீர்க்காமல் விட்டு வைக்கிறது. பிறர் ஏவிய வேலையில் ஒருவன் மாண்டால் அவன் மனைவிக்கு விடை சொல்ல வேண்டியவர் யாவர் என்பதே அக்கணக்கு.

இவ்வினா தேயிலைத் தோட்டத்தில் ஏன் இத்துணை ஆழமாகச் சென்று தைத்தது என்பதை அறிய, அம்மக்களின் வரலாற்றைச் சுருங்க நோக்கினாற் போதும். கோப்பிக் காலத்தில் ஆடவரே பெரும்பான்மையராக வந்து, பருவம் முடிந்தபின் மீண்டனர். மன்னாரிலிருந்து மாத்தளை செல்லும் காட்டு வழியிலும், மலைச்சரிவிலும் மாண்டவர் தொகை பெரிது. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக்கினார். 1869 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட இலைநோய் பின்னர்க் கோப்பியை அழித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கை வேண்டும். ஆதலின் குடும்பங்கள் வந்து லயங்களில் நிலைத்தன. கோப்பிக் காலத்து வாய்மொழிப் பாடல்களுள் ஒரு பெண் மலையொன்றைச் சுட்டி, கோப்பிச் செடி வைத்த அம்மலையே தன் உடன்பிறந்தானையும் கொண்டுவிட்டது என்று அழும் சிறு பாட்டு யாவரும் அறிந்தது. பறிக்கும்போது ஒரு பழம் தவறியதற்குச் சின்னத்துரை உதைத்ததைக் கூறும் பாட்டும் அத்தகையதே. மடக்கொம்பரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தபோது இத்தகைய பாடல்கள் படித்தவர் பார்வைக்கு எட்டின. அச்சிறு பாடல்களில் ஒரு கணத்தில் மின்னி மறையும் துயரம் இரதி பாட்டிலே கதையும் காரணமும் பெற்று விரிகிறது.

ஓலை என்பதைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். கூத்தில் எல்லாக் கேடும் ஓர் ஓலையிலிருந்து தொடங்குகிறது. தோட்டத்து வாழ்விலும் எழுத்தறியாதார் தலைவிதியை எழுதிய தாள்கள் பல. கங்காணியின் கூட்டம் பட்ட கடனைக் காட்டித் தொழிலாளரைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு ஒன்று; அது 1921 ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலையிலிருந்து நீக்கி வெளியே அனுப்பிய பற்றுச்சீட்டு மற்றொன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் எழுந்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கி வைத்தது. 1974 ஆம் ஆண்டில் அவர்களும் இரு பாதியாக்கப்பட்டனர். ஒரே லயத்தில், சில வேளை ஒரே குடும்பத்தில், ஒருவர் கையில் ஒரு நாட்டுத் தாளும் மற்றவர் கையில் வேறு நாட்டுத் தாளும் இருந்தன. தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் வழங்கிய பெயர் அழுகைக் கோச்சி. அந்நாட்களில் இரதியின் தர்க்கத்தைக் கேட்டவர், தூதன் கையிலிருந்த ஓலையைப் புராண ஓலையாக மட்டும் நோக்கியிருத்தல் அரிது.

இவ்வாறு கூறுவதனால், இரதி பாட்டு தொழிலாளர் குறைகளை மறைத்துக் கூறும் உருவகம் என்று கொள்ளுதல் தவறாகும். அண்மைக் காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் அவ்வழியிற் செல்கின்றனர். மன்மதன் தொழிலாளி, தேவர் துரைமார், தூதன் கங்காணி என்று ஒன்றுக்கொன்று ஒட்டவைத்து, பாட்டை அவிழ்த்துவிட்டதாக எண்ணுகின்றனர். அப்படியாயின் சிவபெருமான் யார்? அவ்வினாவில் உருவகம் முறிந்துவிடுகிறது. தொழிலாளர் துயரை வெளிப்படையாகப் பாடத் தெரியாதவர்களும் அல்லர் அம்மக்கள். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் அவர்தம் துயரங்களைச் சிந்தும் கும்மியுமாகப் பாடித் தொழிலாளர் கூட்டங்களில் இசைத்தார். நேரே சொல்ல வேண்டியதை நேரே சொல்லுதற்கு அத்தகைய பாட்டுக்கள் இருந்தன. இரதி பாட்டு காதற்பாட்டே. காதலன் ஒருவனை இழந்த பெண்ணின் துயரே அதன் முதற்பொருள். அத்துயரம் தோட்டத்து வாழ்வில் எவ்வழியாக வந்ததோ அவ்வழியின் சுவடுகள் பாட்டிற் படிந்துள்ளன, அவ்வளவே. சுவடுகளைப் பொருளெனக் கொள்வார் காதலை இழப்பர். சுவடுகளைக் காணாதார், மாயவரத்திற் பாடப்படுவதும் மஸ்கெலியாவிற் பாடப்படுவதும் ஒன்றே என்பர். பின்னவர் தவறு முன்னவர் தவற்றினும் பெரிது. ஒரு பாட்டின் சொற்கள் மாறாதிருப்பினும் கேட்போர் மாறினால் அப்பாட்டு வேறாகும்.

காதற்பாட்டு என்று அதனை வற்புறுத்துதற்கு வேறொரு காரணமும் உண்டு. தோட்டத்திலே காதலுக்குத் தனியிடம் இல்லை. பகலில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்க, ஆடவர் வேறொரு மலையிற் கவ்வாத்தோ கானோ வெட்டுவர். மாலையில் இருவரும் மீளும் லயம், மெல்லிய சுவரால் தடுக்கப்பட்ட ஒற்றை அறைகளின் வரிசை. ஓர் அறையிற் பேசியது மறு அறைக்குக் கேட்கும். சங்கத் தலைவிக்குத் தினைப்புனமும் சுனையும் இருந்தன. தலைவன் சிறைப்புறத்தானாக நின்று கேட்பதற்கு வேலியும் இருந்தது. மலைநிலமாகிய குறிஞ்சிக்குப் புணர்தலை உரிப்பொருளாக்கினர் முன்னோர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தவிடத்தே பாலை பிறக்கும் என்று இளங்கோவடிகள் கூறுவர். அவர் கூறும் திரிபுக்குக் காரணம் வெயில். நுவரெலியா மலைகளில் வெயில் இல்லை. மழையும் மூடுபனியும் நிறைந்த பசுமலைகள் அவை. ஆயினும் அங்கே பிறந்த பாட்டுக்களுட் பெரும்பாலானவை பிரிவைப் பாடுவன. இந்நிலையில் ஓர் ஆணும் பெண்ணும் கணவனும் மனைவியுமாக நின்று, ஊரார் அனைவரும் கேட்க, போகாதே என்றும் போக வேண்டும் என்றும் நீண்ட நேரம் தம்முட் பேசிக்கொள்ளும் ஒரே இடம் காமன் பொட்டல். இரு இளைஞர் வேடமிட்டுப் பேசும் பேச்சே ஆயினும், அவ்வுரையாடல் வெளிப்பட வேறு வழியில்லாத ஒன்று.

மூன்றாம் நாள் நிகழ்ச்சியைப் பற்றிச் சிலவே கூறலாம். புராணத்தின்படி, இரதியின் வேண்டுதலுக்கிரங்கிய பெருமான் காமனை உயிர்ப்பித்து, அவளுக்கு மட்டும் உருவுடையவனாகவும் மற்றையோர்க்கு அருவாகவும் இருக்குமாறு அருளினார். கூத்து இதனை விரைவாகவே முடித்துவிடுகிறது. விழிப்புற்ற இரவின் களைப்பும், மறுநாள் வேலையும் அதற்குக் காரணமாகலாம். புலம்பலுக்கு அளித்த பொழுதில் ஒரு பகுதிகூட மீட்சிக்கு அளிக்கப்படுவதில்லை. இந்த அளவு வேறுபாடே ஒரு திறனாய்வு என்று கொள்ளத்தகும். பிறர் கண்ணுக்குப் புலப்படாத கணவன் மீண்டும் கிடைத்தான் என்பது வரமாயினும், அவ்வரத்தைப் பெற்றவள் ஊரார் கண்ணுக்குத் தனியளாகவே இருப்பாள். மனிதப் பெண்ணொருத்தியின் நினைவில் மட்டும் வாழும் கணவனுக்கும் அவனுக்கும் வேறுபாடு காண்பது எளிதன்று.

இன்று இக்கூத்து பல தோட்டங்களிற் குறுகி வருகிறது. ஒலிபெருக்கியும் திரைப்பட மெட்டும் புகுந்தன. இளைஞர் கொழும்புக்கும் அயல் நாடுகளுக்கும் வேலை நாடிச் செல்வதால் வேடத்துக்கு ஆள் கிடைப்பதும் அரிதாகிறது. 2023 ஆம் ஆண்டில், மலையக மக்கள் வந்து இரு நூற்றாண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, முன்னோர் வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. அதனையொட்டிக் கலைவிழாக்களும் பல நடைபெற்றன. நகர மேடைகளில் காமன் கூத்தை அரைமணி நேரத்துக்குச் சுருக்கி ஆடுங்கால் முதலில் வெட்டப்படுவது தர்க்கம். நெற்றிக்கண் திறக்கும் காட்சி கண்ணுக்கு இனிது. புலம்பல் செவிக்கு உருக்கமானது. இடையிலே கனவும் சகுனமும் கூறி வாதிடும் பெண் பார்வையாளர்க்குச் சலிப்பூட்டுகிறாள் என்பது அமைப்பாளர் கருத்துப் போலும். அவ்வாறு வெட்டிய மேடையில் இரதி அழுகிறாள். அழுவதற்கு முன் அவள் என்ன சொன்னாள் என்பதை அவையில் ஒருவரும் அறிவதில்லை. கூத்தாசிரியர் சிலரிடம் இன்னும் எஞ்சியுள்ள கையேடுகளைத் தொகுத்து அச்சிட முற்படுவோர், புலம்பலினும் முன்னதாகத் தர்க்கத்தைப் பாடவேறுபாடுகளுடன் முழுமையாக எழுதிக்கொள்ளுதல் வேண்டும். ஒப்பாரியை நினைவில் வைத்திருக்கும் பெண்கள் லயந்தோறும் உளர். தர்க்கத்தை அறிந்தோர் தோட்டத்துக்கு ஒருவர் கிடைப்பதும் அரிது.